தொட்டிக்குள் மயில் பெட்டி

அந்தப் பெட்டியை நான் அப்படி ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு கலர் பேப்பரைச் சுற்றி நாடாவைக் கட்டி வைத்திருந்தால், அந்தக் கிறிஸ்துமஸ் காலை ஊரில் எல்லார் வீட்டுக் காலையும் மாதிரி இட்லி, கறிக்குழம்பு என்று போயிருக்கும். ஆனால் எனக்குப் பரிசு கட்டத் தெரியாது. பெட்டி ஒட்டத்தான் தெரியும்.

திருத்தங்கலில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. பட்டாசுக் கம்பெனிக்கான அட்டை கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். மடித்துப் பசை தடவிப் பெட்டியாக்கி அடுக்கி வைத்தால், சாயங்காலம் வேனில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அச்சு பிசகிய அட்டைகள் எங்களிடமே தங்கிவிடும். எனக்கு வந்தது மயில் படம் போட்ட பெட்டி. அச்சு பிசகினால் மயிலுக்கு ரெண்டு கழுத்து விழும், தோகை ஒரு பக்கமாக ஓடிப்போயிருக்கும். எங்கள் வீட்டில் கடுகு, பென்சில், ஊசி நூல், ரேஷன் கார்டு எல்லாமே ரெண்டு கழுத்து மயிலுக்குள்தான் இருந்தன.

சுனாமி வந்ததற்கு முந்தின வருடம் அது. மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது, மகனுக்கு மூன்று. நான் சாத்தூர் பக்கத்துப் பெண், மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பேசிப் பழகி, ரெண்டு வீட்டிலும் வாங்க வேண்டிய ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு கல்யாணம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஆராதனைக்குப் போவேன். கண்ணை மூடச் சொன்னால் மூடுவேன். மூடின கண்ணுக்குள் யார் வந்து நின்றாலும் கும்பிட்டுக்கொள்வேன், யார் என்று விசாரிப்பதில்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் மருந்து கலக்கும் ரூம் பற்றிக்கொண்டது. வெடிமருந்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அவர் அப்போது வாசலுக்கு வெளியே வாளியோடு நின்றதால் உயிர் தப்பினார். வலது கையும் தோளும் வெந்துபோயின. உள்ளே இருந்தவர் தப்பவில்லை. அவரைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

கையில் கட்டோடு இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. அழுதாலாவது மடியில் போட்டுத் தேற்றலாம். சாப்பிடுவாள், பள்ளிக்கூடம் போவாள், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். சிரிப்பு மட்டும் இல்லை. முன்பெல்லாம் ஒன்றுமில்லாததற்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை அது.

அவர் வேறு, வீட்டில் சும்மா கிடந்த அந்த மாதங்களில் அவளை உட்கார வைத்து ஒரு பாடம் நடத்தினார். தினமும் அதே கேள்வி, அதே பதில்.

"மூடி ஒட்டுன பெட்டியக் கண்டா என்ன செய்யணும்?"

"தொடக் கூடாது. உங்களக் கூப்புடணும்."

"நான் இல்லைன்னா?"

"அம்மாவக் கூப்புடணும்."

"கூப்புடவே நேரமில்லைன்னா?"

"தொட்டித் தண்ணிக்குள்ள போட்டு, மேல கல்லத் தூக்கி வைக்கணும்."

"எதுக்கு?"

"தண்ணி பட்டா அதுக்குச் சீவன் போயிரும்."

காலிப் பெட்டிக்குப் பயமில்லை, எங்கள் வீடே காலிப் பெட்டிதான். மூடி ஒட்டி, கனமாக, ஆட்டினால் உள்ளே ஏதோ உருளுகிற பெட்டிதான் ஆகாது. "எதுக்குங்க சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம்" என்று நான் சண்டை போட்டேன். "தெரிஞ்சிருக்கட்டும் பிள்ள" என்றார். அவருக்கும் பயம். பயந்த மனிதனிடம் என்ன சண்டை போடுவது என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் ஆரம்பத்தில் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார்கள். கை ஆறிவிட்டது, விரல் மடங்குகிறது, வேறு வேலையும் கிடைக்கவில்லை. அவர் சரி என்று சொல்லிவிட்டார். மகளிடம் யார் சொல்வது என்று தெரியாமல் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. சிரிக்காத பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு அவர் வேன் ஏறிப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு குழப்பம். சாமான்கள் நனைய ஆரம்பித்தன. முதலில் அவருடைய கம்பெனிச் சட்டை. பட்டாசு வேலைக்கு நூல் சட்டைதான் போட வேண்டும், நைலான் ஆகாது. அதற்கென்று ரெண்டு சட்டை வைத்திருந்தார். கொடியில் கிடந்த ஒன்று ஒருநாள் காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மகன் தண்ணீரில் விளையாடியிருப்பான் என்று அவனை ஏசினேன். நாலு நாள் கழித்து மறுபடியும் நனைந்தது. அவருடைய கம்பெனி அடையாள அட்டை ஆணியில் தொங்கிய இடத்திலேயே ஊறிப்போய்ப் போட்டோவில் முகம் கலைந்திருந்தது. சாப்பாட்டுப் பையைத் தூக்கினால் தண்ணீர் வழிந்தது. மழையும் இல்லை, ஓடு ஒழுகவும் இல்லை.

"ஏன் பிள்ள, துவைச்சியா?" என்றார் அவர்.

"அட்டையையும் பையையும் எவளாவது துவைப்பாளா?" என்றேன்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாருக்கும் சொல்லாமல் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். உயிர் பிழைத்தால் ஈரத் துணியோடு கோயிலைச் சுற்றி உருண்டு வருவதாக. தப்பித்ததும் அம்மாடி என்று மூச்சு விட்டவள், கோயில் இருக்கிற ஆற்றங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது, உள்ளே துணி தானாக நனைகிறது. ஈரத் துணி எங்கே என்று அம்மன்தான் கேட்கிறாளோ என்று நினைத்தேன். ஆராதனையில் கண்ணை மூடினால் அவள்தான் வந்து நின்றாள். தை பிறக்கட்டும் தாயே, வந்துவிடுகிறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். பக்கத்தில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

பொம்மை யோசனை பக்கத்து வீட்டு லாத்தாவின் கடையில் வந்தது. லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. அவர்கள் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தேன். அவர்களுக்குச் சிவகாசி பஜாரில் ஃபேன்ஸி கடை. நோட்டு வாங்கப் போனபோது அங்கே ஒரு பொம்மை இருந்தது. வயிற்றை அமுக்கினால் கெக்கெக்கே என்று சிரிக்கும். என் மகள் அதை ஒரு தடவை அமுக்கினாள். அது சிரித்து முடிக்கும்வரை அதன் முகத்தையே பார்த்தாள். திரும்ப அமுக்கினாள். ஐந்து தடவை. அவள் சிரிக்கவில்லை, ஆனால் கடையை விட்டு வர அவளுக்கு மனமில்லை.

அவள் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா காலையில் பரிசு வைத்துவிட்டுப் போவாராம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம வீட்ல அந்தப் பழக்கம் எதுக்கு? தாத்தா பாட்டுக் குழுவோட வருவாரு, மிட்டாய் குடுப்பாரு, போவாரு. அம்புட்டுத்தான்" என்றார். சரிதான் என்று தலையாட்டிவிட்டு மறுநாளே போய்ப் பொம்மையை வாங்கி வந்தேன். அவருக்குச் சொல்லவில்லை. எனக்குப் பிடிவாதம் வந்தால் அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து அதை ஒரு மயில் பெட்டிக்குள் வைத்தேன். ஒற்றைக் கழுத்து மயில், பிசகில்லாத பெட்டி, நல்லதாகத் தேடி எடுத்தேன். மூடியைப் போட்டேன், பசை தடவினேன், நாலு பக்கமும் தாள் ஒட்டினேன், ஓரத்தைக் கட்டை விரலால் நீவிவிட்டேன். கம்பெனியில் ஆறு வருடம் செய்த வேலை, கை பாட்டுக்குச் செய்தது. முடித்துத் தூக்கிப் பார்த்தபோது கடைக்குப் போகிற சரக்கு மாதிரியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

விடியற்காலை ஆராதனைக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டுக் கிளப்பினோம். எல்லாரும் வாசலில் இறங்கிய பிறகு, சாவியை மறந்துவிட்டேன் என்று உள்ளே ஓடி, குடிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். குடிலும் அட்டைப் பெட்டியை வெட்டி அவர் செய்ததுதான், உள்ளே வைக்கோலைப் பரப்பி, பாலன் இயேசுவைக் கிடத்தியிருந்தார்.

திரும்பி வரும்போது நன்றாக விடிந்திருந்தது. தெருவில் பையன்கள் சரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மகளின் விரல்கள் என் கைக்குள் இறுகின. வீட்டுக்குள் வந்ததும் அவர் குடிலுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் பெட்டி இருந்த பக்கம் பார்க்காத மாதிரி பார்த்தேன், வைக்கோலுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. வாசலில் யாரோ வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள், அவர் வெளியே போனார். நான் அடுப்படிக்குப் போய் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இப்போது கத்துவாள், இப்போது ஓடி வருவாள் என்று. இட்லி வெந்து இறக்கியாகிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

எட்டிப் பார்த்தால் குடில் இருக்கிறது, மெழுகுவர்த்தி எரிகிறது, பெட்டியைக் காணோம்.

முதலில் அவர்மேல்தான் சந்தேகம். வெளியே போய், "இங்கன ஒரு சாமான் இருந்துச்சே, எடுத்தீகளா?" என்றேன். "என்ன சாமான்?" என்றார். சொல்ல முடியாதே. "ஒண்ணுமில்ல" என்று திரும்பி வந்தேன். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா, கிறிஸ்துமஸ் தாத்தா நமக்கு எதாச்சும் வச்சிட்டுப் போயிருக்காரா?" என்று தேனாகக் கேட்டேன்.

"இல்லம்மா" என்றாள்.

அந்த முகத்தில் பொய் இல்லை. என் பிள்ளையின் பொய் எனக்குத் தெரியும். அவள் புதுச் சட்டையின் கை முழங்கை வரை நனைந்திருந்தது. கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. மகன் பின்வாசலிலிருந்து ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"ம்மா, மயிலு குளிக்குது" என்றான்.

"குளிக்கட்டும், போ" என்றேன். மூன்று வயதுப் பிள்ளை, மயில் குளிக்குது என்பான், யானை இட்லி தின்னுது என்பான். யார் கண்டது.

பரணில் தேடினேன், கட்டிலுக்கடியில் தேடினேன், அரிசி டிரம்முக்குப் பின்னால் தேடினேன். பூட்டிவிட்டுப் போன வீடு, திரும்பி வரும்போது இருந்த பெட்டி. திருடன் வந்தால் பொம்மையையா தூக்குவான்? நல்ல நாளும் அதுவுமாக என் தலை கிறுகிறுத்தது. அம்மன் இன்றைக்குமா வருவாள் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, பாலன் இயேசு பக்கத்தில் கிடக்கும்போது அவள் எப்படி உள்ளே வருவாள் என்றும் நினைத்தேன். ரெண்டு சாமிக்கு நடுவில் ஒரு பொம்மையைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

கடைசியில் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். அங்கே சிமெண்டுத் தொட்டி. மகன் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தொட்டியின் அடியில் என் மயில் பெட்டி கிடந்தது. அதன்மேல் தொட்டியோரம் கிடந்த செங்கல்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. மகன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவன் வீறிட்ட வீறலில் அவர் வாசலிலிருந்து ஓடி வந்தார், மகளும் வந்தாள்.

"பிள்ளைய எதுக்கு அடிக்கே?"

"தொட்டிக்குள்ள பாருங்க, என்ன பண்ணி வச்சிருக்கான்னு."

அவர் பார்த்தார். அவர் பார்த்தது பொம்மையை அல்ல. மூடி ஒட்டிய, முழுசான, கம்பெனிப் பெட்டியை. அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். மகனை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் அள்ளிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். "வெளிய வா பிள்ள, வெளிய வா" என்று எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "பொம்மைங்க, அது பொம்மைங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. நடுத்தெருவில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சரம் கொளுத்திக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, "எல்லாரும் தள்ளிப் போங்கலே, அங்கிட்டுப் போங்க" என்று விரட்டினார். புது வேட்டி, புதுச் சட்டை, வெந்து ஆறின வலது கையை வீசி வீசிக் காட்டினார். மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேராகச் சொன்னேன். "நான்தான் ஒட்டுனேன். உள்ள பொம்மை. கிறிஸ்துமஸ் பரிசு."

அவருக்கு அது விளங்க நேரம் பிடித்தது. "மூடி ஒட்டியா வச்ச?" என்றார். "நீயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை, தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு லாத்தா வந்தார்கள். காலையில் நாங்கள் கொடுத்துவிட்ட அதிரசத் தட்டு அவர்கள் கையில் இருந்தது, வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்று சீனி போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த மகனைப் பார்த்து, "இவன எதுக்கும்மா அடிச்ச?" என்றார்கள்.

"பொம்மையத் தொட்டிக்குள்ள போட்டுட்டான் லாத்தா."

"இவனா போட்டான்? உன் மகளுல்ல போட்டா. நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே பாத்தேன். அவதான் பெட்டியத் தூக்கிட்டு ஓடியாந்து தொட்டிக்குள்ள போட்டு, கல்லத் தூக்கி மேல வைக்கா. இவன் பின்னாலயே வந்து வேடிக்கை பாக்கான். அவங்க அத்தா சட்டையக்கூட ரெண்டு மூணு நாளு முக்குனா. நீதான் துவைக்கச் சொல்லியிருக்கியாக்கும்னு இருந்துட்டேன்."

அத்தா என்று அவர்கள் சொன்னது அப்பாவை. நான் மகளைப் பார்த்தேன். அவர் கல்லிலிருந்து எழுந்து வந்து அவள் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"நீயாத்தா போட்ட?"

"தம்பி மெழுகுவத்திக்கிட்ட கொண்டு போயிட்டான். ஒங்களக் கூப்புட நேரமில்ல" என்றாள். பாடத்தை ஒப்பிக்கிற குரல்தான், ஆனால் உதடு வெளுத்திருந்தது.

"சரி. சட்டைய எதுக்கு நனைச்ச?"

"அதுல மருந்து வாசம் அடிக்கி."

"அட்டை?"

"அதுலயும் அடிக்கி. பையிலயும் அடிக்கி." நனைந்த சட்டைக் கையை இழுத்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்: "திங்கக்கிழம போறீகளாப்பா?"

கம்பெனி ஆள் வந்த அன்றைக்கு இவள் கதவுக்குப் பின்னால்தான் தம்பியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் சொல்லாமல் மறைத்ததாக நினைத்துக்கொண்டு மூன்று வாரம் முகம் பார்த்துத் திரிந்திருக்கிறோம்.

"போகணும்த்தா" என்றார்.

"ஒங்களயும் நனைக்கணும்னுதான் நெனச்சேன்" என்றாள். "தண்ணி பட்டா சீவன் போயிருமேன்னு நனைக்கல."

லாத்தா கையிலிருந்த தட்டை என் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அவர்மேலா, பாடம் சொல்லிக் கொடுத்ததற்கு? என்மேலா, மூடி ஒட்டியதற்கு? பிள்ளை செய்தது தப்பா சரியா? உண்மையிலேயே மருந்துப் பெட்டியாக இருந்திருந்தால் அவள் எங்கள் நாலு பேர் உயிரையும் காப்பாற்றியிருப்பாள். அடி வாங்கியது ஒன்றும் செய்யாத பிள்ளை. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டிலிருந்த சீனியை அவன் வாயில் போட்டேன். அதற்குள் அடியை மறந்து, "மயிலு குளிச்சிருச்சு" என்றான்.

பெட்டியை வெளியே எடுத்தோம். மயில் கூழாகிக் கையோடு வந்தது. பொம்மையைத் தூக்கியதும் அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சத்தம் இல்லை. பின்னால் இருந்த மூடியைத் திறந்து பேட்டரியைத் துடைத்து மறுபடியும் போட்டார். சத்தம் இல்லை. "போச்சு" என்றார். அதைக் கொண்டுபோய்க் கொடியில் அவருடைய கம்பெனிச் சட்டைக்குப் பக்கத்தில் காதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். மகள் தூரத்தில் நின்று பார்த்தாள். எனக்கு வேணும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இட்லி ஆறிப்போயிருந்தது. ஆறின இட்லியைக் குழம்பில் முக்கித் தின்றோம். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கு அதிரசத்தைக் கொடுத்தேன், அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். என்ன கிறிஸ்துமஸ் இது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம். கறி அடுப்பில் இருந்தது. கொல்லையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கெக்கெக்கே.

நான் கரண்டியை அப்படியே போட்டுவிட்டேன். அவர் எழுந்து நின்றார். மறுபடியும் கெக்கெக்கே. யாரும் தொடாமல், யாரும் அமுக்காமல், கொடியில் தொங்கிக்கொண்டே பொம்மை சிரித்தது. தொண்டையில் சளி கட்டின மாதிரி ஒரு சிரிப்பு. நிறுத்தும், கொஞ்சம் தண்ணீர் சொட்டும், மறுபடியும் சிரிக்கும். மாடியில் லாத்தா, "யா அல்லா, என்னம்மா அது" என்று எட்டிப் பார்த்தார்கள். மகன் கொடிக்குக் கீழே குதித்துக் குதித்து அதோடு சேர்ந்து சிரித்தான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது.

மகள் சிரிக்கவில்லை. மெதுவாக நடந்து கொடிக்குப் பக்கத்தில் போனாள். பொம்மையின் காலைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் வழிந்து அவள் கை நனைந்தது. பக்கத்தில் தொங்கிய சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இது நனைஞ்சுதானப்பா இருக்கு?"

"ஆமாத்தா."

"சீவன் போகலயே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பொம்மையைப் பற்றிய பேச்சு என்றே நினைத்தோம். அடுத்த மூன்று நாளும் அவள் அதைக் கையை விட்டு இறக்கவில்லை, அது நினைத்த நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. நல்ல மார்கழிக் குளிர். அவர் காய்ந்த நூல் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசற்படியில் மகள் நின்றாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கையில் சொம்பு. அந்த வாளியை எப்படி இழுத்து வந்தாளோ.

"ஏய், அப்பாவுக்கு நேரமாச்சு. குளிருல என்ன வெளையாட்டு" என்றேன்.

அவர் என்னைக் கையமர்த்தினார். பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். அவள் தலையில் ஒரு சொம்பு ஊற்றினாள். தோளில் ஒரு சொம்பு. வலது கையை நீட்டச் சொல்லி, வெந்து ஆறின தோல்மேல் மெதுவாக ஒரு சொம்பு. பிறகு சொம்பை வைத்துவிட்டு, ஒரு விரலால் அவர் வயிற்றை அமுக்கினாள்.

அவர் சிரித்தார். முதலில் சத்தம் வரவில்லை. அப்புறம் கெக்கெக்கே என்று பொம்மை மாதிரியே சிரித்தார்.

அவள் அந்தச் சிரிப்பு முடியும்வரை முகத்தையே பார்த்தாள். "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

நான் துண்டை நீட்டினேன். "வேணாம் பிள்ள, அவ பாத்துக்கிட்டு நிக்கா" என்றார். சொட்டச் சொட்ட வேனில் ஏறினார். ஈரத் துணியோடு அவர் போவதைப் பார்த்ததும் எனக்கு இருக்கன்குடி ஞாபகம் வந்தது. என் நேர்த்திக்கடனை இந்தப் பிள்ளை தீர்க்கிறதா, இல்லை அது வேறு கணக்கா என்று இன்றைக்குவரை எனக்கு விளங்கவில்லை. தையில் நானும் போய் உருண்டுவிட்டு வந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

அதற்குப் பிறகு ரெண்டு வருடம் அவர் அந்தக் கம்பெனிக்குப் போனார், அப்புறம்தான் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை கிடைத்தது. அந்த ரெண்டு வருடமும் தினமும் காலையில் மூன்று சொம்பு. வேனில் கேலி செய்தவர்கள் பிறகு அவருக்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அந்த முதல் நாள் சாயங்காலம் நான் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கப் பசை. மகள் நாலு மணியிலிருந்து வாசற்படியை விட்டு நகரவில்லை. பாலைக் கொடுத்தேன், குடிக்கவில்லை. வேன் வந்து நின்றது. அவர் இறங்கினார். சட்டை காய்ந்து, முகமெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க நடந்து வந்தார். அவள் ஓடிப்போய் நடுத்தெருவில் அவரை நிறுத்தி, வயிற்றை அமுக்கினாள். அவர் சிரித்தார். அதற்குப் பிறகுதான், ஐந்து மாதம் கழித்து, அவள் சிரித்தாள்.